என்.எஃப்.எல் சேலரி கேப்: மூத்த வீரரை விடுவித்தால், ட்ரேட் செய்தால் கணக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்தின் லீக்கான என்.எஃப்.எல்லைத் தமிழில் பேசும் இடங்களில் ஒவ்வொரு மார்ச் மாதமும் அதே சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். தொகை எல்லாம் டாலரில், நம் கணக்குப்படி லட்சத்திலும் கோடியிலும் இருக்கும். 1 கோடி என்றால் 10 மில்லியன், 10 லட்சம் என்றால் 1 மில்லியன். இதை நினைவில் வைத்தால் ஆங்கிலச் செய்திகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சிரமம் இருக்காது.

1. சேலரி கேப்னா என்ன? அதுக்கு மேல ஒரு டாலர்கூட செலவு பண்ண முடியாதா?

ஓர் ஆண்டில் ஓர் அணியின் வீரர் சம்பளக் கணக்கு தாண்டக்கூடாத வரம்புதான் கேப். 1994-இல் 3.46 கோடியில் தொடங்கியது. 2024-இல் 25.54 கோடி, 2025-இல் 27.92 கோடி. 32 அணிகளுக்கும் ஒரே தொகை. கொரோனாவால் அரங்குகள் காலியாகிப்போன 2020-க்குப் பிறகு, 2021-இல் 19.82 கோடியிலிருந்து 18.25 கோடிக்கு இறங்கியது. முந்தைய ஆண்டில் பயன்படுத்தாமல் விட்ட கேப் இடத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்பதால், ஒவ்வோர் அணிக்கும் உண்மையான வரம்பு கொஞ்சம் வேறுபடும்.

இந்த வரம்பு கணக்கேட்டுக்கு உரியது, காசோலைக்கு அல்ல. ஓர் அணி ஒரே ஆண்டில் 30 கோடிக்கு மேல் காசோலை கொடுத்துவிட்டு, கேப் கணக்கில் 27 கோடிக்குள்ளேயே நிற்க முடியும். அது எப்படி என்பது அடுத்த பதிலில். கீழே வரும் எல்லாக் கேள்விகளுக்கும் அதுதான் வேர்.

2. சைனிங் போனஸை ஏன் வருஷா வருஷம் பிரிச்சு எழுதறாங்க? பணம் முதல்லயே குடுத்துடறாங்களே?

சைனிங் போனஸ் என்பது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்காகக் கொடுக்கும் தொகை. அந்தப் பணம் முதலிலேயே போய்விடுகிறது, உண்மைதான். ஆனால் ஒப்பந்தம் எத்தனை ஆண்டோ அத்தனை ஆண்டுக்கும் அதைச் சமமாகப் பிரித்துக் கேப் கணக்கில் எழுதலாம் என்று வீரர் சங்க உடன்படிக்கை அனுமதிக்கிறது. அதிகபட்சம் 5 ஆண்டு. 7 ஆண்டு ஒப்பந்தமானாலும் 5-ஆகத்தான் பிரிக்கலாம்.

பக்கம் முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஒரு மூத்த வீரர், 5 ஆண்டு ஒப்பந்தம், சைனிங் போனஸ் 2.5 கோடி. ஆண்டுக்கு 50 லட்சம் போனஸ் பங்கு. அடிப்படைச் சம்பளம் முதல் ஆண்டு 20 லட்சம், இரண்டாம் ஆண்டு 80 லட்சம், மூன்றாம் ஆண்டு 1.2 கோடி, நான்காம் ஆண்டு 1.4 கோடி, ஐந்தாம் ஆண்டு 1.5 கோடி. முதல் இரண்டு ஆண்டுச் சம்பளத்துக்கு முழு கேரண்டி, மற்றதற்கு இல்லை. சம்பளத்தோடு 50 லட்சத்தைக் கூட்டினால் அந்த ஆண்டின் கேப் எண் கிடைக்கும்: 70 லட்சம், 1.3 கோடி, 1.7 கோடி, 1.9 கோடி, 2 கோடி.

3. ஆளையே அனுப்பிச்சாச்சு. அப்புறம் எதுக்கு அவர் பேர்ல இன்னும் கோடிக்கணக்குல நிக்குது?

இதைத்தான் டெட் மணி என்கிறார்கள். அபராதம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அந்தப் பணத்தை அணி எப்போதோ கொடுத்துவிட்டது, கணக்கில் எழுதுவதை மட்டும் தள்ளிப் போட்டிருந்தது. வீரர் அணியின் பட்டியலில் இருக்கும்வரைதான் அப்படித் தள்ளிப் போடலாம். அவர் போனதும், எழுதாமல் மீதியிருந்த பங்குகள் எல்லாம் ஒரே ஆண்டில் மொத்தமாக வந்து விழும்.

நம் உதாரண வீரரை மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில், அதாவது மார்ச்சில், விடுவித்தால் மீதி மூன்று பங்கு: 1.5 கோடி டெட் மணி. “டீம் 1.5 கோடி நஷ்டப்பட்டது” என்று அன்று வரும் தலைப்பை நம்ப வேண்டாம். அந்தத் தொகை இரண்டு ஆண்டுக்கு முன்பே வீரரின் வங்கிக் கணக்குக்குப் போய்விட்டது.

4. ஒருத்தரை வெட்டினா எவ்வளவு மிச்சம்னு நானே எப்படிக் கணக்குப் போடறது?

முதலில் அவருடைய இந்த ஆண்டுக் கேப் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, இந்த ஆண்டையும் சேர்த்து மீதியிருக்கும் போனஸ் பங்குகளைக் கூட்டுங்கள். அதோடு, விடுவித்தாலும் கொடுத்தே ஆகவேண்டிய கேரண்டி சம்பளத்தைச் சேருங்கள். இந்தக் கூட்டுத்தொகைதான் டெட் மணி. கேப் எண்ணிலிருந்து டெட் மணியைக் கழித்தால் மிச்சம். நம் வீரருக்கு மூன்றாம் ஆண்டில் 1.7 கோடியிலிருந்து 1.5 கோடி போக, 20 லட்சம்.

இத்துடன் பலர் நிறுத்திவிடுகிறார்கள். லீக் ஆண்டு தொடங்கும் மார்ச் நடுவிலிருந்து செப்டம்பரில் முதல் ஆட்டம் வரும்வரை, ஒவ்வோர் அணியிலும் கேப் எண் அதிகமுள்ள 51 பேர் மட்டுமே முழுமையாகக் கணக்கில் வருவார்கள். 51-க்குள் இருந்த ஒருவரை எடுத்தால் 52-ஆவது ஆள் உள்ளே வருவார். அவர் குறைந்தபட்சச் சம்பளக்காரர் என்றாலும் 2025-இல் அது 8.4 லட்சம். ஆகவே கைக்கு வரும் உண்மையான இடம் 11.6 லட்சம்தான். இவ்வளவு சிறிய இடத்துக்காக ஒரு மூத்த வீரரை விடுவிக்கலாமா என்று கேட்டால், பதில் கேப்பில் இல்லை. அந்த ஆண்டு அவருக்குக் கொடுக்கவேண்டிய 1.2 கோடி ரொக்கத்துக்கு அவர் இப்போதும் தகுதியானவரா என்பதில் இருக்கிறது. போன பணம் எப்படியும் போனதுதான். இனி போகப்போகும் பணத்தைத்தான் எடை போட வேண்டும்.

5. கேரண்டி சம்பளம் இருந்தா என்ன ஆகும்?

விடுவித்தாலும் அதைக் கொடுக்க வேண்டும், அது டெட் மணியிலும் சேரும். நம் வீரரை இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே அனுப்பினால் 4 பங்கு போனஸ் 2 கோடி, கேரண்டி 80 லட்சம், ஆக 2.8 கோடி டெட் மணி. அவரை வைத்திருந்தால் 1.3 கோடிதான். அனுப்புவதால் கேப்பில் 1.5 கோடி இடம் குறைகிறது. பெரிய ஒப்பந்தம் போட்டு ஓராண்டில் சொதப்பிய வீரரை அணிகள் ஏன் இன்னோர் ஆண்டு சுமக்கின்றன என்பதற்கு இதுதான் காரணம்.

6. ட்ரேட் பண்ணிட்டா டெட் மணி புது டீமுக்குப் போயிடும்தானே?

போகாது. ட்ரேட் என்றால் வீரரை அவருடைய ஒப்பந்தத்தோடு வேறு அணிக்கு மாற்றிக் கொடுப்பது. ஆனால் சைனிங் போனஸைக் கொடுத்தது பழைய அணி. அதன் மீதிப் பங்குகளும் பழைய அணியின் தலையிலேயே விழும். புதிய அணிக்குப் போவது இனிமேல் கொடுக்கவேண்டியவை மட்டும்: அடிப்படைச் சம்பளம், இன்னும் கொடுக்காத ராஸ்டர் போனஸ் (குறித்த நாளில் அணியின் பட்டியலில் இருந்தால் கொடுப்பது), ஆட்டத்துக்கு இவ்வளவு என்ற தொகைகள்.

விடுவிப்பதற்கும் ட்ரேடுக்கும் உள்ள வித்தியாசம் கேரண்டி சம்பளத்தில்தான். 5-ஆம் கேள்வியில் பார்த்த அதே இரண்டாம் ஆண்டில் ட்ரேட் செய்தால், 80 லட்சம் புதிய அணியின் பொறுப்பு. பழைய அணிக்கு டெட் மணி 2 கோடி மட்டும். கேரண்டி எதுவும் இல்லாத மூன்றாம் ஆண்டில், விடுவித்தாலும் ட்ரேட் செய்தாலும் பழைய அணியின் கேப்புக்கு ஒரே கணக்குதான். அதனால்தான் “இவரை எப்படியும் விடுவிக்கப்போகிறார்கள்” என்று தெரிந்துவிட்டால், மற்ற அணிகள் டிராஃப்ட் தேர்வு (புதிய வீரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் உரிமை) எதுவும் கொடுக்காமல் காத்திருக்கின்றன.

7. ட்ரேட் பண்ணியும் கேப் இடம் குறையுமா? அப்படி யாராவது செய்வாங்களா?

செய்திருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் பஃபலோ பில்ஸ் ஸ்டெஃபான் டிக்ஸை ஹூஸ்டன் டெக்சன்ஸுக்கு அனுப்பியபோது, அவர் இருந்திருந்தால் கேப் எண் சுமார் 2.79 கோடி. அனுப்பியதால் டெட் மணி சுமார் 3.11 கோடி. 30 லட்சத்துக்கு மேல் இடம் குறைந்தது. 2022-இல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் மேட் ரயனை மூன்றாம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்காக இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்குக் கொடுத்து 4.05 கோடி டெட் மணியை ஏற்றது. ஓராண்டில் கணக்கை முடித்துவிட்டு அடுத்த ஆண்டைச் சுத்தமாகத் தொடங்க நினைக்கும் அணிக்கு இது நியாயமான முடிவு.

8. ஜூன் 1-ல அப்படி என்ன இருக்கு? எல்லாரும் அதையே சொல்றாங்க.

ஜூன் 1-க்குப் பிறகு வீரர் வெளியேறினால், இந்த ஆண்டுப் பங்கு மட்டும் இந்த ஆண்டில் விழும். மீதிப் பங்குகள் அடுத்த ஆண்டுக்குப் போகும். நம் வீரரை மூன்றாம் ஆண்டில் அப்படி அனுப்பினால் இந்த ஆண்டு 50 லட்சம், அடுத்த ஆண்டு 1 கோடி. மொத்தம் அதே 1.5 கோடிதான், ஒரு பைசா குறையாது. ஆனால் இந்த ஆண்டு மிச்சம் 20 லட்சத்திலிருந்து 1.2 கோடியாக ஏறும்.

ஜூன்வரை வீரரைக் காக்க வைப்பது அவருக்கு அநியாயம். அதற்குள் மற்ற அணிகளின் பணம் தீர்ந்துபோயிருக்கும். அதற்காக ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஓர் அணி ஆண்டுக்கு இரண்டு பேரை மட்டும் மார்ச்சிலேயே விடுவித்து, “ஜூன் 1-க்குப் பிந்தையவர்” என்று குறிக்கலாம். வீரர் அன்றே வேறு அணியில் சேரலாம். ஆனால் அணிக்கு மிச்சம் உடனே கிடைக்காது. ஜூன் 2 வரை அவருடைய முழுக் கேப் எண்ணும் கணக்கில் அப்படியே நிற்கும். மார்ச் மாத ஃப்ரீ ஏஜென்சியில், அதாவது ஒப்பந்தம் இல்லாத வீரர்களை அணிகள் எடுக்கும் காலத்தில், ஆள் எடுக்க இந்த இடம் உதவாது. புதிதாக டிராஃப்டில் வந்தவர்களுக்குக் கையெழுத்துப் போடவும், பருவத்தின் நடுவில் காயத்துக்கு மாற்று ஆள் எடுக்கவும்தான் பயன்படும். “வெட்டிட்டாங்க, 1.2 கோடி வந்தாச்சு, நாளைக்கே பெரிய ஆளை எடுப்பாங்க” என்ற பேச்சு ஒவ்வோர் ஆண்டும் தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

9. அந்த ஜூன் 1 குறியை ட்ரேடுக்கும் போடலாமா?

போட முடியாது. குறி விடுவிப்புக்கு மட்டும். ட்ரேடில் அதே பலன் வேண்டுமென்றால், ட்ரேட் உண்மையிலேயே ஜூன் 1-க்குப் பிறகு நடக்க வேண்டும். 2021-இல் அட்லாண்டா ஹூலியோ ஜோன்ஸை டென்னசி டைட்டன்ஸுக்கு அனுப்பியது ஜூன் முதல் வாரத்தில். அதனால் 2021-இல் 77.5 லட்சம், 2022-இல் 1.55 கோடி என்று பிரிந்தது. அவருடைய 1.53 கோடி கேரண்டி சம்பளம் டென்னசிக்குப் போனது.

அடுத்த ஆண்டே அந்த 1.55 கோடியோடு மேட் ரயனின் 4.05 கோடியும் சேர்ந்து அட்லாண்டாவின் கணக்கில் உட்கார்ந்தது. தள்ளிப் போட்ட தொகை யாருக்கும் மறப்பதில்லை.

10. ரசல் வில்சனை அனுப்ப டென்வர் 8.5 கோடி குடுத்துச்சாமே, அது எப்படி வந்துச்சு?

இதுவரை பார்த்த எல்லாமே ஒன்றாகச் சேர்ந்தது அதில். 2022 செப்டம்பரில் டென்வர் பிராங்கோஸ் அவருக்கு 5 ஆண்டு நீட்டிப்புக் கொடுத்தது. பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டு இருந்ததால், புதிய ஆண்டுகள் 2024-இல்தான் தொடங்க வேண்டும். அவை தொடங்கும் முன்பே, 2024 மார்ச்சில், விடுவித்துவிட்டார்கள். எழுதாமல் கிடந்த போனஸ் பங்குகளோடு அந்த ஆண்டின் 3.9 கோடி கேரண்டி சம்பளமும் சேர்ந்து சுமார் 8.5 கோடி. ஜூன் 1 குறி போட்டதால் 2024-இல் சுமார் 5.3 கோடி, 2025-இல் சுமார் 3.2 கோடி என்று பிரிந்தது.

இதில் ஈடுகட்டல் என்றொரு பிரிவும் உண்டு. விடுவிக்கப்பட்டவர் வேறு அணியில் சம்பாதித்தால், அந்த அளவுக்குப் பழைய அணியின் கேரண்டிச் சுமை குறையும். வில்சனுக்கு எப்படியும் 3.9 கோடி வந்துவிடும் என்பதால், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரைக் குறைந்தபட்சச் சம்பளமான 12.1 லட்சத்துக்கு எடுத்தது. மீதி 3.78 கோடியை டென்வர் கொடுத்தது. ஈடுகட்டல் உள்ள ஒப்பந்தத்தில் புதிய அணி அதிகம் கொடுத்தால் வீரருக்கு லாபமில்லை, பழைய அணிக்குத்தான் லாபம். அதனால் புதிய அணியும் வீரரும் சேர்ந்து குறைந்தபட்சத்தையே தேர்ந்தெடுப்பார்கள்.

11. நல்லா ஆடிட்டிருக்கிற குவார்ட்டர்பேக்கை சீசன் கடைசியில ஏன் திடீர்னு உட்கார வைக்கிறாங்க?

குவார்ட்டர்பேக் என்றால் அணியின் தாக்குதலை நடத்தும் வீரர். அவரை உட்கார வைப்பது பெரும்பாலும் காயத்துக்கான கேரண்டி காரணமாக. பல ஒப்பந்தங்களில் அடுத்த ஆண்டுச் சம்பளம் முதலில் “காயம் ஏற்பட்டால் மட்டும்” உறுதி என்றிருக்கும். குறிப்பிட்ட நாளில், வழக்கமாக லீக் ஆண்டின் மூன்றாம் அல்லது ஐந்தாம் நாளில், அது முழு உறுதியாக மாறும். கடைசி ஆட்டத்தில் முழங்கால் போய், அந்த நாளுக்குள் மருத்துவச் சோதனையில் தேறாவிட்டால், விடுவித்தாலும் அந்தச் சம்பளத்தைக் கொடுத்தே ஆகவேண்டும்.

2022 பருவத்தின் கடைசி இரண்டு ஆட்டங்களில் டெரெக் கார் உட்கார வைக்கப்பட்டார். லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் முடிந்து மூன்றாம் நாள் அவர் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் பட்டியலில் இருந்தால் 4 கோடிக்கு மேல் உறுதியாகும். அவரிடம் ட்ரேட் மறுப்பு உரிமை இருந்ததால், அவர் சம்மதிக்காமல் வேறு அணிக்கு அனுப்ப முடியாது. அந்தக் கெடுவுக்கு முந்தைய நாள், 2023 பிப்ரவரி 14 அன்று, விடுவித்தார்கள். டெட் மணி சுமார் 56 லட்சம்தான். அடுத்த ஆண்டு வில்சன் உட்கார வைக்கப்பட்டதற்குப் பின்னாலும், 2025-க்கான 3.7 கோடி 2024 மார்ச்சில் உறுதியாகிவிடும் என்ற இதே கணக்கு இருந்தது. ஒப்பந்தச் செய்தி வந்தால் மொத்தத் தொகையை விட்டுவிட்டு, முதலில் இந்தத் தேதிகளைத் தேடுங்கள்.

12. ரீஸ்ட்ரக்சர் பண்ணா கேப் குறையுதே, எல்லாரும் எப்பவும் அதையே செய்யலாமே?

ரீஸ்ட்ரக்சர் என்பது அடிப்படைச் சம்பளத்தின் பெரும்பகுதியைப் போனஸாக மாற்றி, மீதி ஆண்டுகளுக்குப் பிரிப்பது. வீரருக்கு ஒரு டாலரும் குறையாது, முன்கூட்டியே கைக்கு வரும். பல ஒப்பந்தங்களில் அணி வீரரைக் கேட்காமலே செய்யலாம்.

நம் வீரரின் மூன்றாம் ஆண்டுச் சம்பளம் 1.2 கோடியில் 15 லட்சத்தை விட்டுவிட்டு 1.05 கோடியைப் போனஸாக்கினால், மூன்று ஆண்டுக்கு 35 லட்சம் வீதம். அந்த ஆண்டுக் கேப் எண் 1.7 கோடியிலிருந்து 1 கோடிக்கு இறங்கும். நான்காம் ஆண்டு 2.25 கோடிக்கும் ஐந்தாம் ஆண்டு 2.35 கோடிக்கும் ஏறும். அதைவிட முக்கியம், நான்காம் ஆண்டில் அவரை விடுவிக்க நினைத்தால் டெட் மணி 1 கோடியாக இருந்தது 1.7 கோடியாகிவிடும். மிச்சம் 90 லட்சத்திலிருந்து 55 லட்சமாகக் குறையும். 27 வயது ஆளுக்கு இது தொல்லை இல்லை. 33 வயதில், கால் தளர்ந்துவிட்டவருக்குச் செய்தால், வெளியேறும் கதவை அணியே இழுத்துச் சாத்திக்கொள்வதுபோல.

சம்பளக் குறைப்பு என்பது வேறு. அதில் வீரர் உண்மையிலேயே பணத்தை விட்டுக்கொடுக்கிறார், வருங்காலத்துக்கு எதுவும் தள்ளப்படுவதில்லை. செய்தியில் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதுகிறார்கள், கவனமாகப் படிக்க வேண்டும்.

13. வாய்டு இயர்னு போடறாங்களே, ஆடவே போறதில்லைன்னா அந்த வருஷம் எதுக்கு?

போனஸைப் பிரிக்க இடம் வேண்டும் என்பதற்காக மட்டும். ஒப்பந்தத்தின் வாலில் பெயரளவுக்கு ஆண்டுகளைச் சேர்ப்பார்கள். குறித்த நாளில் அவை தாமாகவே ரத்தாகும். மேலே சொன்ன 1.05 கோடியை இரண்டு வாய்டு ஆண்டு சேர்த்து 5-ஆகப் பிரித்தால் ஆண்டுக்கு 21 லட்சம், மூன்றாம் ஆண்டுக் கேப் எண் 86 லட்சத்துக்கு இறங்கும். பழைய 50 லட்சப் பங்கு மாறாது, ஏற்கெனவே பிரித்ததை மறுபடி பிரிக்க முடியாது.

ஒப்பந்தம் ரத்தாகும் நாளில் மீதிப் பங்குகள் ஒன்றாக விழும். டாம் பிரேடி 2023-இல் ஓய்வுபெற்றபோது தாம்பா பே பக்கனியர்ஸின் அந்த ஆண்டுக் கணக்கில் சுமார் 3.51 கோடி நின்றது இப்படித்தான்.

14. அவரே ரிட்டயர் ஆயிட்டா? டீம் தப்பு இல்லையே, அப்பவும் டெட் மணியா?

ஆமாம். கேப் கணக்கில் ஓய்வும் விடுவிப்பு மாதிரிதான், ஜூன் 1 விதியும் அதேபோல் பொருந்தும். அதனால் மார்ச்சில் ஓய்வை அறிவித்தவரின் தாள்களை அணி ஜூன்வரை பதிவு செய்யாமல் வைத்திருக்கும். அதுவரை அவருடைய பெரிய சம்பளம் கேப்பை அடைக்காதபடி, முன்பே சம்பளத்தைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கிவிடுவார்கள். 2021-இல் ட்ரூ பிரீஸ் தம் 2.5 கோடிச் சம்பளத்தை 10.75 லட்சமாகக் குறைத்துக்கொண்டது நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸுக்காகச் செய்த இந்த உதவிதான்.

ஒரு வேறுபாடு உண்டு. தாமாக ஓய்வுபெற்றவரிடம், இன்னும் ஆடித் தீர்க்காத ஆண்டுகளுக்கான போனஸைத் திருப்பிக் கேட்க அணிக்கு உரிமை இருக்கிறது. திரும்பி வந்தால் அது கேப்பில் வரவாகும். 2019 ஆகஸ்டில் ஆண்ட்ரூ லக் ஓய்வுபெற்றபோது இண்டியானாபொலிஸ் கேட்டிருக்கக்கூடிய தொகை சுமார் 2.48 கோடி. கேட்கவில்லை.

15. காயம்பட்ட வீரரை விடுவிக்கலாமா?

பயிற்சியிலோ ஆட்டத்திலோ அடிபட்டு மருத்துவச் சோதனையில் தேறாதவரை வெறுமனே அனுப்ப முடியாது. காயப் பட்டியலில் வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும், அல்லது குணமாக எத்தனை வாரம் ஆகும் என்று பேசி ஒரு தொகைக்கு உடன்பட வேண்டும். அந்தத் தொகையும் கேப்பில் சேரும். போன பருவக் காயத்தோடு மார்ச்சில் இருப்பவரைச் சோதனையில் தேறவில்லை என்ற குறிப்போடு விடுவிக்கலாம். ஆனால் 11-ஆம் கேள்வியில் சொன்ன காயக் கேரண்டி இருந்தால் அதைக் கொடுத்தாக வேண்டும்.

16. சீசன் நடுவுல விடுவிச்சா வேற மாதிரியா?

இரண்டு வித்தியாசம். நான்கு பருவம் முழுமையாகக் கணக்கானவரை மூத்த வீரர் என்கிறார்கள். அவர் முதல் வாரப் பட்டியலில் இருந்துவிட்டால், பின்னர் விடுவிக்கப்பட்டாலும் அந்தப் பருவத்தின் மீதி அடிப்படைச் சம்பளத்தைக் கோரலாம். வாழ்நாளில் ஒரே முறைதான் கோர முடியும். பருவத்தின் முதல் வார ஆட்டம் முடிந்த கையோடு சில மூத்த வீரர்கள் திரும்ப எடுக்கப்படுவதன் காரணம் இதுவே.

இரண்டாவது, வெய்வர்: விடுவிக்கப்பட்டவரை அவருடைய ஒப்பந்தத்தோடு மற்ற அணிகள் உரிமை கோரும் முறை. மூத்த வீரர் விடுவிக்கப்பட்டால் வழக்கமாக உடனே சுதந்திரம். ட்ரேட் கெடு முடிந்த பிறகு மட்டும் அவரும் வெய்வரில் போக வேண்டும். 2024 முதல் அந்தக் கெடு 9-ஆம் வாரத்தை அடுத்த செவ்வாய். வெய்வரில் வேறு அணி உரிமை கோரினால் மீதிச் சம்பளம் அந்த அணிக்குப் போகும். போனஸ் பங்கு பழைய அணியிடமே இருக்கும்.

17. என்.பி.ஏ கூடைப்பந்துல மாதிரி ட்ரேட்ல ரெண்டு பக்கச் சம்பளமும் பொருந்தணுமா?

வேண்டாம். வாங்கும் அணியிடம் வரப்போகும் சம்பளத்துக்குக் கேப் இடம் இருந்தால் போதும்.

18. அப்போ வேண்டாத ஒப்பந்தத்தை டிராஃப்ட் பிக் சேர்த்து யார் தலையிலயாவது கட்டலாமா?

கட்டியிருக்கிறார்கள். 2017 மார்ச்சில் ஹூஸ்டன், பிராக் ஆஸ்வைலரின் 1.6 கோடி கேரண்டி சம்பளத்திலிருந்து தப்பிக்க, 2018-இன் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் சேர்த்து கிளீவ்லாண்ட் பிரௌன்ஸுக்கு அனுப்பியது. கிளீவ்லாண்டிடம் கேப் இடம் ஏராளம், அதைக் கொடுத்துத் தேர்வை வாங்கியது. அப்போதும் சைனிங் போனஸின் மீதி 90 லட்சம் ஹூஸ்டனிடமே நின்றது.

எதிர்த்திசையிலும் நடக்கும். 2021 நவம்பரில் டென்வர், வான் மில்லரை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு அனுப்பியபோது அவருடைய மீதி 97 லட்சச் சம்பளத்தில் 90 லட்சத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு இரண்டாம், மூன்றாம் சுற்றுத் தேர்வுகள் கிடைத்தன. சம்பளத்தைப் பழைய அணி முன்பே போனஸாக மாற்றிக் கொடுத்துவிட்டால், வாங்கும் அணிக்கு வீரர் மலிவாகிறார், தேர்வின் தரம் கூடுகிறது.

19. கேப்பைத் தாண்டிட்டா என்ன செய்வாங்க?

லீக் ஆண்டு தொடங்கும் மார்ச் நாளில், கிழக்கு அமெரிக்க நேரம் மாலை 4 மணிக்குள் வரம்புக்குள் வந்துவிட வேண்டும். வராத அணியின் புதிய ஒப்பந்தங்களை லீக் ஏற்காது. ஏமாற்றினால் அபராதமும் தேர்வு இழப்பும் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் வீரர்களுக்கான பணத்தைக் கணக்குக்கு வெளியே தள்ளிவைத்ததற்காக டென்வர் அபராதம் கட்டி, மூன்றாம் சுற்றுத் தேர்வுகளையும் இழந்தது.

கேப்பே இல்லாத ஆண்டாக 2010 இருந்தது. அந்த ஆண்டிலேயே பெரிய தொகைகளை எழுதித் தீர்த்தால் பின்னால் டெட் மணி இருக்காது என்று வாஷிங்டனும் டாலஸும் கணக்குப் போட்டன. 2012-இல் லீக் வாஷிங்டனிடமிருந்து 3.6 கோடி, டாலஸிடமிருந்து 1 கோடி கேப் இடத்தை இரண்டு ஆண்டுகளில் பறித்தது. 2010-இல் அந்த ஒப்பந்தங்களை ஏற்றுக்கொண்டதும் இதே லீக்தான். எங்கள் பார்வையில் அந்தத் தண்டனை நியாயமற்றது.

20. டெட் மணி நிறைய இருக்கிற டீம் அந்த வருஷம் தோத்துதான் போகுமா?

போக வேண்டியதில்லை. வில்சனுக்காக 5.3 கோடி சுமந்த 2024-இல்தான் டென்வர் 10 ஆட்டம் வென்று, 2015 பருவத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பிளேஆஃப் போனது. காரணம், குவார்ட்டர்பேக் இடத்தில் புதிதாக டிராஃப்டில் வந்த போ நிக்ஸ். நான்கு ஆண்டுக்கும் சேர்த்து அவருடைய ஒப்பந்தம் 1.86 கோடிதான். விலை உயர்ந்த இடத்தில் மலிவான ஆள் கிடைத்தால் பெரிய டெட் மணியையும் தாங்கலாம். 2021-இல் கார்சன் வென்ட்ஸுக்காக 3.38 கோடி சுமந்த ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸும் ஜேலன் ஹர்ட்ஸின் முதல் ஒப்பந்தத்தை வைத்து அந்த ஆண்டே பிளேஆஃப் போனது.

டெட் மணியும் இருந்து, அதே இடத்துக்கு மறுபடி விலை உயர்ந்த மூத்த வீரரையும் வாங்கும் அணிக்குத்தான் ஆபத்து. ஒரே இடத்துக்கு இரண்டு சம்பளம் கட்டுவதாகிவிடும். நியூயார்க் ஜெட்ஸ் 2025-இல் ஏரன் ராட்ஜர்ஸை ஜூன் 1 குறியோடு விடுவித்தபோது 2025-இல் 1.4 கோடி, 2026-இல் 3.5 கோடி என்று வந்தது. இதில் 2026-இன் எண்ணைத்தான் கவனிக்க வேண்டும்.

21. விடுவிச்ச ஆளையே திரும்ப எடுத்தா அந்த டெட் மணி அழிஞ்சுடுமா?

அழியாது. பழைய ஒப்பந்தத்தின் டெட் மணி ஒரு வரியாகவும், புதிய ஒப்பந்தத்தின் கேப் எண் இன்னொரு வரியாகவும் நிற்கும். குறைந்த சம்பளத்துக்கு அவரையே வைத்துக்கொள்ள அணி விரும்பினால், விடுவிக்கும் முன்பே 12-ஆம் கேள்வியில் சொன்ன சம்பளக் குறைப்பைப் பேசி முடிப்பதே மலிவு. அப்போது போனஸ் பங்குகள் பழையபடி ஆண்டு ஆண்டாகவே எழுதப்படும்.